ஐந்தாவது சீட்டு

ஜனவரி 19, ஞாயிறு

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டியும் எழுத மாட்டேன், குறைத்தும் எழுத மாட்டேன். நோட்டைக் கொடுத்தவர் எங்கள் விடுதிப் பொறுப்பாளர் சிஸ்டர் எமரன்சியா. மடத்தில் சேர விரும்பும் பெண்கள், முடிவு தெரியும்வரை இப்படி எழுதி வர வேண்டுமாம். "நான் படிக்க மாட்டேன். யாருமே படிக்க மாட்டாங்க. அதனால உனக்கு நீயே பொய் சொல்லிக்காத," என்றார்.

என் பெயர் மரிய ஜெனோவா. பன்னிரண்டாம் வகுப்பு, வரலாற்றுப் பிரிவு. வயது பதினேழு முடிந்து மூன்று மாதம். அம்மா ஞானப்பூ ஊரில் பீடி சுற்றுகிறார். அப்பா மிக்கேல் கேரளத்தில் டைல்ஸ் ஒட்டுகிறார். கூடப் பிறந்தவர்கள் இல்லை.

பொங்கல் விடுமுறையில் மதுரைத் தலைமை இல்லத்தில் மூன்று நாள் அழைத்தல் முகாம் நடந்தது. பதினான்கு பெண்கள் போயிருந்தோம். நூலகத்துக்கென்று தனி அறை இருக்கிறது. ஒன்பது அலமாரி. ஓய்வு நேரத்தில் மற்றவர்கள் பூப்பந்து ஆடினார்கள். நான் அங்கே இருந்தேன். அதற்காக மடத்தில் சேர விரும்பவில்லை என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கடவுளின் அழைப்பு எனக்கு வந்த விதம் இது. எங்கள் ஊர்க் கோயிலில் புத்தாண்டுத் திருப்பலி முடிந்ததும் ஒரு தாம்பாளம் நிறையச் சுருட்டிய சீட்டுகளைக் கொண்டு வருவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அந்த வருடம் முழுவதற்கும் கடவுள் நமக்குச் சொல்வது அதுதான். சீட்டுகளைச் சுருட்டுவது பீடி சுற்றும் பெண்கள். அதனால் எல்லாம் ஒரே கனத்தில், பீடி நூலால் கட்டியிருக்கும். நான் பாடற்குழுவில் நின்றிருந்தேன். இரண்டு கையிலும் பாட்டுப் புத்தகம். அம்மா எனக்கும் ஒன்று எடுத்து வந்து, பாட்டு முடிந்ததும் கையில் வைத்தார். பிரித்தேன். உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன், நீ எனக்குச் சொந்தம் என்று கடவுள் சொல்கிற வசனம்.

அதற்கு முன் ஒரு வருடமாக, ஒரு நாள் சேரலாம் என்றும் மறுநாள் வேண்டாம் என்றும் இருந்தேன். சீட்டைப் பிரித்ததும் அது நின்றுவிட்டது.

ஜனவரி 20, திங்கள்

பாத்திரம் கழுவும் முறை எனக்கு. சாம்பார் அண்டா அடிப்பிடித்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்ததில் வலது கை எரிகிறது.

பக்கத்துக் கட்டில் சுபா என்னை இப்போதெல்லாம் மதர் என்றுதான் கூப்பிடுகிறாள். "என்ன மதர், அண்டாவுக்கு ஆசீர்வாதம் குடுத்தாச்சா? நீ மடத்துக்குப் போயிட்டா ஒன் சுடிதார் நாலையும் எனக்குக் குடுத்திரு. அந்தப் பச்சைய மட்டும் வேற யாருக்காவது குடு. அது ஒனக்கே நல்லா இல்ல."

ஜனவரி 22, புதன்

அப்பா விடுதி போனுக்குக் கூப்பிட்டார். அம்மா அவரிடம் சொல்லிவிட்டாராம். பின்னால் டைல்ஸ் அறுக்கும் சத்தம் கேட்டது.

"ஒத்தப் புள்ள. நீயும் போயிட்டா வீட்ல ஆரு இருக்கா?"

போன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

"சரி. மடத்துல அவிய ஒன்ன எடுத்தா போ. நான் மறிக்கல. எடுக்கலன்னா ஈஸ்டர் முடிஞ்சு அத்த வீட்ல பேசி முடிச்சிருவேன். ராயப்பனும் எத்தன நாள்தான் காத்துக் கெடப்பான்?"

ராயப்பன் என் அத்தை மகன். திருவனந்தபுரத்தில் பழக்கடை வைத்திருக்கிறார். நல்லவர். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை வாங்கி, பக்கங்களை விசிறி போலப் புரட்டிவிட்டு, "இதுல படமே இல்லையே," என்று திருப்பிக் கொடுத்தார்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றினோம். மிட்டாய் கொடுத்தார்கள்.

விண்ணப்பத்தோடு 'எனது அழைப்பு' என்று இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். மூன்று முறை எழுதினேன். மூன்றாம் முறை இப்படி வந்தது: 'கண்களை மூடிக்கொண்டு தாம்பாளத்துக்குள் கையை விட்டேன். என் விரல்கள் தாமாகவே ஒரு சீட்டைத் தொட்டு நின்றன.' அம்மா எடுத்துக் கொடுத்தார் என்று எழுதினால் வாக்கியம் நொண்டுகிறது. யார் எடுத்தாலும் எனக்கு வந்த சீட்டுதானே. அப்படியே விட்டுவிட்டேன்.

சிஸ்டர் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்க," என்றார். அந்த இடத்தை இரண்டாம் முறையும் படித்தார்.

ஜனவரி 30, வியாழன்

விண்ணப்பம் மதுரைக்குப் போய்விட்டது. பெற்றோர் சம்மதக் கடிதம் மட்டும் பாக்கி.

பிப்ரவரி 8, சனி

சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்தேன். அப்பா ஏற்கெனவே ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். மேலே நான் எழுதிக்கொள்ள வேண்டும். அவரது கையெழுத்து தாளின் கடைசி மூலையில், நான் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும் என்பதுபோல ஒதுங்கி இருந்தது.

மதியம் அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றினார். நான் எதிரே உட்கார்ந்து இலை வெட்டினேன். 'எனது அழைப்பு' நகல் ஒன்று கொண்டு வந்திருந்தேன். அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்திருந்தேன். படித்தேன். கண்களை மூடிக்கொண்டு கையை விட்டேன் என்ற இடத்தில் அம்மா சிரித்தார்.

"நீ எங்களா எடுத்த? நான்தான எடுத்தேன்."

"யார் எடுத்தா என்னம்மா. எனக்கு வந்த சீட்டுதான."

அம்மா தூளை இலையில் வைத்துச் சுருட்டினார். முனையை மடித்து நூல் கட்டினார். பிறகு, "ஒனக்கு மொதல்ல வந்தது நோவ சுகமாக்குத வசனம்லா. ஒனக்கு என்ன நோவு? அதான் மறுபடி கட்டி வச்சிட்டேன்," என்றார்.

எனக்குப் புரியவில்லை. அம்மா ஏதோ சமையல் பக்குவம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போனார்.

"ரெண்டாவது சீட்டு வெதைக்கது அறுக்கதுன்னு என்னமோ. மூணாவதுல ஆடு. நாலாவது கோவப்படாதங்கு. அஞ்சாவதுதான் இது."

"எங்க வச்சுப் பிரிச்சீங்க?"

"பூச உடுப்பு வைக்கித ரூமுலதான். சுருட்டுன சீட்ட நாங்கதான அங்க கொண்டு வைக்கோம். உபதேசியார் தாம்பாளத்த எடுக்க வாரதுக்கு முன்ன."

"பிரிச்சது தெரியாதா?"

"நாளைக்கு எழுநூறு பீடி சுத்துத கைளா இது. நாலு சீட்ட மறுபடி கட்டத் தெரியாதா?"

கத்தரி என் கையில் அப்படியே இருந்தது. அது பாவமில்லையா என்று கேட்டேன்.

"வேதத்துல இல்லாததயா எழுதி வச்சேன்? உள்ளதத்தான எடுத்தேன். நீயும் ஒரு வருசமா போறேங்க, போவலங்க, தவிச்சிக்கிட்டே கெடந்த. அதுக்குள்ள ஒங்க அத்த வெத்தலத் தட்டோட வந்துருவா. மடத்துல காலேசு படிக்க வைப்பாவ. ஒங்கப்பாவால முடியுமா?" அம்மா முறத்திலிருந்து அடுத்த இலையை எடுத்தார். "நான் எட்டாப்பு முடிச்ச வருசம் இந்த மொறத்த மடியில வச்சாவ. இன்னும் எறக்கல."

அதன் பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஞானப்பூ என்பதில் பூவை எப்போதும் பெரிதாக எழுதுவார். இன்றும் அப்படித்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

விடுதிக்குத் திரும்பிவிட்டேன். அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைச் சுபா தின்றாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சிற்றாலயத்தைக் கூட்டிப் பெருக்கும் முறை. வேலை முடிந்ததும் உட்கார்ந்தேன். நீர் என்னைக் கூப்பிட்டீரா, இல்லையா என்று கேட்டேன். முன்பெல்லாம் பதில் கேட்கவில்லை என்றால் செபப் புத்தகத்தைத் திறந்து, அதில் வைத்திருக்கும் சீட்டைப் பார்ப்பேன். இன்று பார்த்தபோது அம்மா பிரித்த நாலு சீட்டும் ஞாபகத்துக்கு வந்தன. அவையெல்லாம் யாரிடம் போயின? நோய் வசனம் யாருக்குக் கிடைத்தது? அவர்கள் அதை நம்பிக்கொண்டிருப்பார்கள்.

பிப்ரவரி 12, புதன்

வரலாற்றில் திருப்புதல் தேர்வு. 88. வழக்கமாக 95க்குக் குறையாது.

பிப்ரவரி 15, சனி

மதுரையில் நேர்காணல். சிஸ்டர் எமரன்சியாவோடு பஸ்ஸில் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் மாநிலத் தலைவி மதர். வெள்ளை முடி, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

சமைக்கத் தெரியுமா, அப்பா அம்மா சண்டை போடுவார்களா, யாரையாவது பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். "உன்னை மேல படிக்க அனுப்பல, பத்து வருஷம் முதியோர் இல்லத்துலதான் வேலைன்னா?" என்று ஒருவர் கேட்டார். "சரி சிஸ்டர்," என்றேன். உடனே சொல்லவில்லை. அந்த இடைவெளியை அவர்கள் கவனித்திருப்பார்கள்.

பிறகு மதர் என் இரண்டு பக்கத்தை எடுத்தார். "இத நீயே எங்களுக்கு வாசிச்சுக் காட்டு," என்றார்.

வாசித்தேன். கண்களை மூடிக்கொண்டு தாம்பாளத்துக்குள் கையை விட்டேன் என்பதையும் வாசித்தேன். குரல் நடுங்கியது. மதர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார் என்று தோன்றுகிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேற ஏதாவது சொல்லணுமாம்மா?"

"இல்ல மதர்."

குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

திரும்பும்போது சிஸ்டர் எமரன்சியா எனக்குப் பனங்கிழங்கு வாங்கிக் கொடுத்தார். "மதருக்கு உன்னைப் பிடிச்சுப்போச்சு. இந்த வருஷம் நம்ம பகுதியில நான் அனுப்புறது உன்னை ஒருத்தியத்தான், தெரியுமா? மூணு வருஷமா யாருமே இல்ல," என்றார். சந்தோஷமாக இருந்தார். நாற்பது வயதுகூட இருக்காது. பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கினார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பதில் வரவில்லை.

பிப்ரவரி 19, புதன்

மேலே ஓரிடத்தில் எழுதியது சரியில்லை. நூலகத்துக்காகச் சேர விரும்பவில்லை என்று எழுதியிருக்கிறேன். 'நூலகத்துக்காக மட்டும்' என்று இருக்க வேண்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

பதில் வரவில்லை. சுபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அம்மாவும் பீடி சுற்றுபவர்தான். "ஒங்கம்மா கெட்டிக்காரி," என்றாள் முதலில். நான் சிரிக்கவில்லை என்றதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"இங்க பாரு. நீ சொன்னா எடுக்க மாட்டாவ. எடுக்கலன்னா ஈஸ்டர். ராயப்பன் அத்தான் பழக்கடை. நீ கல்லாவுல இருந்து ஆரஞ்சு நிறுக்கணும். சொல்லலன்னா ஒனக்குத் தூக்கம் வராது. எதுன்னாலும் ஒனக்குக் கஷ்டந்தாங்கும்போது, படிக்கப் போற கஷ்டத்த எடுட்டி."

அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. அதில் என்ன தவறு என்று பாடவேளை முழுவதும் யோசித்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

பிப்ரவரி 22, சனி

சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். பாதித் தட்டு முடிந்த பிறகுதான் வாய் வந்தது. கையை விட்டு எடுத்தேன் என்று எழுதியது பொய் என்றேன்.

"யாரு எடுத்தது?"

"அம்மா."

"அதுல என்ன இருக்கு. அழகுக்கு ஒரு வார்த்தை சேர்த்துட்ட. அடுத்த பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட சொல்லிடு."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஐந்தாவது சீட்டு என்பதையும் சொன்னேன்.

சிஸ்டரின் விரல்கள் பருப்பின் மேல் நின்றன. பிறகு, "நீ எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம்," என்றார். கோபமா என்று பார்த்தேன். கோபம் இல்லை. களைத்துப்போன மாதிரி இருந்தார்.

"சீட்டு இல்லன்னா நீ வந்திருப்பியா ஜெனோ?"

"தெரியல சிஸ்டர்."

"எனக்கும் தெரியல." தட்டை ஒருமுறை குலுக்கினார். "ஆனா மதருக்குத் தெரியணும். நான் போன்ல சொல்லட்டுமா, நீ எழுதறியா?"

எழுதுகிறேன் என்றேன்.

பிப்ரவரி 24, திங்கள்

கடிதம் எழுத மூன்று நாள் ஆகிவிட்டது. அம்மாவின் பெயர் வராமல் எழுதிப் பார்த்தேன். 'சீட்டு என் கைக்கு வந்ததில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதினால் தவறு தானாக நடந்து வந்தது போல இருக்கிறது. 'எனக்குத் தெரியாமல் ஒருவர்' என்று எழுதினால் யாரோ திருடர் போல இருக்கிறது. கடைசியில் என் அம்மா என்றே எழுதினேன். எழுதியதும், மதர் அம்மாவைப் பற்றி என்ன நினைப்பார் என்று பயம் வந்தது. அம்மா நல்லவர் என்று ஒரு வரி சேர்த்தேன். அது அம்மாவுக்கு நற்சான்றிதழ் கொடுப்பதுபோல இருந்தது. அடித்துவிட்டேன்.

சனிக்கிழமை சிஸ்டருக்கு மதுரையில் கூட்டம் இருக்கிறது. கையிலேயே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லி வாங்கி, மேசை இழுப்பறையில் வைத்தார்.

பிப்ரவரி 27, வியாழன்

மதியம் தபாலில் மதுரையிலிருந்து பதில் வந்துவிட்டது. என்னை எடுத்துக்கொண்டார்கள். ஜூன் எட்டாம் தேதி வந்து சேர வேண்டும். என்னென்ன கொண்டு வர வேண்டும் என்று ஒரு பட்டியல். வெள்ளைச் சேலை இரண்டு, போர்வை, தட்டு, தம்ளர், கறுப்புக் குடை.

சிஸ்டர் கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ எழுதினது இன்னும் என் இழுப்பறையிலதான் இருக்கு," என்றார். "சனிக்கிழமைதான் போறேன்."

நான் அதைத் திரும்பக் கேட்கவில்லை. அவர் சொன்னது எனக்கு விளங்கியது. எனக்கு விளங்கியது அவருக்கும் தெரியும்.

மதியமே அம்மாவுக்குப் போனில் சொல்லிவிட்டாராம். மாலை மறுபடி போன் போட்டு என்னிடம் கொடுத்தார். அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"கடைசில ஆண்டவர் கேட்டுட்டாரு பாத்தியா," என்றார். "சேதி கேட்டதுலேர்ந்து மொறத்தத் தொடலளா. கை ஓடல. ஒங்கப்பாவுக்குச் சொன்னேன். அத்தைக்கு என்ன பதில் சொல்லன்னு மொனங்குனாரு. பொறவு, குடை நல்லதா வாங்கிக் குடுங்காரு. ஞாயித்துக்கெழம வாரேன். முந்திரிக்கொத்து செஞ்சு கொண்டாரேன், ஒங்கூட உள்ள புள்ளைகளுக்கெல்லாம் குடு."

சரிம்மா என்றேன். மதருக்குக் கடிதம் எழுதியிருப்பதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

திங்கட்கிழமை பொதுத்தேர்வு தொடங்குகிறது. தமிழ். ஒரே பக்கத்தைக் காலையிலிருந்து படித்தேன்.

இழுப்பறை பூட்டியிருக்கவில்லை. மேசையைத் துடைக்கப் போனபோது பார்த்தேன்.

மார்ச் 1, சனி

சிஸ்டர் காலை ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். பையை நான் தூக்கிக்கொண்டு கேட் வரை போனேன். கடிதம் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் இருந்தது. அதன் முனை துருத்திக்கொண்டிருந்தது. பஸ் வரப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடமும் சிஸ்டர் என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் வளைவில் திரும்பியதும்தான், "ஜெனோ?" என்றார்.

பையை அவரிடம் கொடுத்தேன். "பாத்துப் போயிட்டு வாங்க சிஸ்டர்," என்றேன்.

துணிவோடு கொடுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். 'போயிட்டு வாங்க' என்றுதான் வந்தது.

பகல் முழுவதும் படிப்பு மண்டபத்தில் இருந்தேன். அலுவலகத்தில் மூன்று முறை போன் அடித்தது. மூன்றும் வேறு பெண்களுக்கு. சுபா இன்று என்னை மதர் என்று கூப்பிடவில்லை. தன் ஆரஞ்சில் பாதியை உரித்துக் கொடுத்தாள். பிறகு, ஏன் ஆரஞ்சு என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். "பழம் வேற இல்லட்டி," என்றாள்.

ஏழு மணிக்கு, ஜெபமாலை முடிந்து வெளியே வந்தபோது, சிஸ்டர் திரும்பி வந்திருந்தார். காலைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"என் முன்னாடியே படிச்சாங்க. ரெண்டு தடவை."

நான் காத்திருந்தேன்.

"இவ இத எழுதினது அவங்க அம்மாவுக்குத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னேன். உண்மையத்தான சொல்லணும்." சிஸ்டர் முகத்தை முந்தானையால் துடைத்தார். "முதல்ல அம்மாகிட்ட சொல்லச் சொல்லுங்க, அப்புறம் நான் பதில் எழுதுறேன்னாங்க."

"என்ன பதில் சிஸ்டர்?"

"சொல்லல. முகத்தப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியல. சேர்த்துக்கிட்டதா வந்த கடிதம் செல்லுமா, இல்லையான்னு நானும் கேட்டேன் ஜெனோ. அதுக்கும் அப்புறம்னுதான் சொன்னாங்க."

சாப்பிடக் கூப்பிட்டார்கள். கோதுமை உப்புமா.

நாளை ஞாயிறு. பதினோரு மணி பஸ்ஸில் அம்மா முந்திரிக்கொத்தோடு வருவார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார். எடுத்துக்கொண்டதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு சிற்றாலயத்துக்குப் போவார். அதற்கு முன் சொல்ல வேண்டும். அம்மா செய்ததை நான் மூன்றாவது மனிதர் ஒருவருக்குக் கடிதமாக எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். மடத்தில் எடுப்பார்களா, இல்லை என் மடியிலும் முறம்தானா என்று அம்மா என் முகத்தைப் பார்ப்பார். எனக்குத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் வரி மட்டும் கிடைத்தால் மீதியைச் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன். இங்கேயே எழுதிப் பார்க்கிறேன்.

அம்மா, நான்

விளக்கை அணைத்துவிட்டார்கள்.